வெள்ளைச்சட்டை கதையை ஆடியோ சேனலுக்குக் கொடுக்கலாமா?

அஞ்சலிபோர்டு

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு ஊரில் ஃபிளெக்ஸ் கடையில் டிடிபி ஆபரேட்டராக இருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், காரணம் கீழே வரும். காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் அடிப்போம். ஆனால் கடைக்குச் சோறு போடுவது கண்ணீர் அஞ்சலிதான். கல்யாண வீட்டுக்காரர்கள் நாலு கடை ஏறி இறங்கி சதுர அடிக்கு எவ்வளவு என்று பேரம் பேசுவார்கள். சாவு வீட்டுக்காரர்கள் "எப்போ கிடைக்கும்" என்று மட்டும்தான் கேட்பார்கள்.

மிச்ச நேரத்தில் பேய்க்கதை எழுதுகிறேன். மிச்ச நேரம் என்றால் பெரிய பேனர் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். மை தெளிக்கிற ஹெட் அடைக்காமல் ஓடுகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டு போனில் தட்டுவேன். கடை கம்ப்யூட்டரில் எழுதலாம், தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள் நான், கை பறக்கும். ஆனால் அங்கே இருப்பது எல்லாம் பழைய ஃபான்ட். அதை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். திருத்துவதற்குள் கதையின் மேல் வெறுப்பு வந்துவிடும். அதனால் போன்தான். வீட்டில் எழுத முடியாது. மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். மாமியார் காதில் "பேய்" என்று விழுந்தால் விளக்கு வைத்த நேரத்தில் என்ன பேச்சு என்பார். அவரைப் பொறுத்தவரை நான் போனில் கடைக்கணக்குப் பார்க்கிறேன். வீட்டுக்காரருக்குத் தெரியும். லோடு ஆட்டோ ஓட்டுகிறார், ராத்திரி தனியாக வர வேண்டியிருக்கிறது, கதையை மட்டும் சொல்லாதே என்பார்.

இப்போது விஷயம். சாவு வீட்டிலிருந்து வரும் போட்டோக்கள் பெரும்பாலும் போஸ்டருக்கு ஆகாது. ஆதார் கார்டு படம், ரேஷன் கார்டு படம், இல்லையென்றால் கல்யாண குரூப் போட்டோவில் யாரோ ஒருவர் தோள்மேல் கை போட்டு நிற்பது. தலையை மட்டும் வெட்டி எடுத்து வேறு உடம்பில் வைப்போம். ஆண்களுக்கு ஒரு வெள்ளைச்சட்டை, பெண்களுக்கு ஒரு மெரூன் பட்டு. "வெள்ளைச்சட்டை" என்றே பெயர் வைத்த ஃபைல். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கிறது. கழுத்துக்குக் கீழே அது யாருடைய உடம்பு என்று முதலாளிக்கும் தெரியாது, முன்பு இருந்த ஆபரேட்டருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் செத்துப்போன ஆண்களில் பாதிப் பேர் சுவரில் அந்த ஒரே உடம்போடுதான் நிற்கிறார்கள். பாக்கெட்டில் ஒரு பேனா மூடி தெரியும். மூன்றாவது பட்டனில் மட்டும் நூல் கலர் வேறு.

இதை வைத்து ஒரு சின்னக் கதை எழுதினேன். கடைக்கு ஒரு வயதான அம்மாள் வருகிறாள், போஸ்டர் அடிக்க இல்லை. தெருவில் ஒட்டியிருக்கிற அஞ்சலிகளை எல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "எல்லார் கழுத்துக்குக் கீழயும் எங்க வீட்டுக்காரர வச்சிருக்கியே தாயி, அந்த பட்டன் நான் தச்சது" என்கிறாள். அப்புறம் நடப்பதை இங்கே சொல்லவில்லை.

ஒரு தொடர்கதைச் செயலியில் போட்டேன். ஓரளவு வாசித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஆடியோ கதைச் சேனலிலிருந்து மெசேஜ். 700 ரூபாய் தருகிறார்களாம். நிபந்தனைகள்: எல்லா உரிமையும் நிரந்தரமாக அவர்களுக்கு. தலைப்பில் "உண்மைச் சம்பவம்" என்று வரும். ஊர் பெயரைச் சேர்க்க வேண்டும். என் பெயர் வராது, "ஒரு டிடிபி ஊழியரின் வாக்குமூலம்" என்று போடுவார்கள். பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் இழுத்து எழுதித் தர வேண்டும்.

700 ரூபாயை ஏளனமாகப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. ஏற்கெனவே வேறொரு சேனல் என் இன்னொரு கதையை எடுத்து, பெயரும் போடாமல் காசும் தராமல் வாசித்துவிட்டது. அதற்கு இது மேல் என்று ஒரு மனசு சொல்கிறது.

இரண்டாவது கேள்வி செயலியைப் பற்றி. அங்கே எனக்கு ஒரு நீளமான தொடரும் போகிறது. தினம் ஒரு பாகம் போட்டால்தான் மேலே காட்டும். பாகத்தின் கடைசியில் யாராவது கதவைத் தட்ட வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போக வேண்டும். "அடுத்த பாகம் எப்போ சிஸ்" என்று கமெண்ட் வரும். பதில் சொல்ல அடுத்த பாகத்தில் கதவைத் திறந்தால் பூனைதான் நிற்கும். வேறு யார் நிற்க முடியும், கதை இன்னும் ஐம்பது பாகம் போக வேண்டுமே! எனக்கே பயம் வராத கதையை எழுதுவது அலுப்பாக இருக்கிறது. தொடரை நிறுத்திவிட்டு வெள்ளைச்சட்டை மாதிரி சின்னக் கதைகளாக எழுதினால் பிழைக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஆறுஃபாரம்

தங்கச்சி, மாத நாவல்கள் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய காலத்தில் கொஞ்சம் எழுதியவன் நான். 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆறு ஃபாரம் ஒரு நாவல். 96-ஆம் பக்கத்தில் பேய் போயாக வேண்டும், போகாவிட்டால் அச்சகத்தில் போக்கிவிடுவார்கள். ஒருமுறை என் மந்திரவாதி பூஜையை ஆரம்பித்த பக்கத்திலேயே "சுபம்" விழுந்தது. அதனால் உங்கள் பூனையைக் கேலி செய்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

முதலில் கையெழுத்து விஷயம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் அவர்கள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரைக்கும், அது காலாவதி. நன்றாகக் கவனியுங்கள், இதெல்லாம் "எழுதாமல் விட்டால்". "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்த ஐந்து வருஷம் உங்களைக் காப்பாற்ற வராது. எங்கள் காலத்தில் பாதிப் பேருக்கு ஒப்பந்தமே கிடையாது, ஒரு வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து. அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் படித்ததில்லை, பணத்தைத்தான் எண்ணினோம்.

பிரிவு 57 என்று ஒன்று இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும் "இதை எழுதியவள் நான்" என்று சொல்கிற உரிமை எழுதியவரிடமே இருக்கும். கதையைச் சிதைத்து உங்கள் பெயருக்குக் கெடுதல் வரும்படி செய்தால் தடுக்கவும் கேட்கலாம். "வாக்குமூலம்" என்று போட்டு எழுதியவர் பெயரை அழிப்பதைப் பற்றிப் பேசும்போது இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். வழக்குப் போடப் போவதில்லை நீங்கள். ஆனால் சட்டம் தெரிந்தவளிடம் பேசுகிறோம் என்றால் அவர்கள் பேச்சு கொஞ்சம் மாறும்.

கேட்க வேண்டியது இதுதான்: தமிழில் ஆடியோவாக வாசிக்க மட்டும் அனுமதி, இரண்டு வருஷம், அச்சு, மின்னூல், சினிமா, வெப் சீரிஸ் எதுவும் சேராது. அந்தப் பட்டன் கதை நல்ல கதை. அதை 700-க்கு மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டு, நாளைக்கு யாராவது குறும்படம் எடுத்தால் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும்.

பயம் இருந்தால் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம், ஆன்லைனிலேயே செய்யலாம், யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். கட்டாயம் இல்லை. எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது. 700 வருகிற கதைக்கு 500 கட்டுவது எனக்கே சரியாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

ஒலிக்காரன்

நான் எதிர்ப்பக்கத்து ஆள், இரண்டு மூன்று சேனல்களுக்கு ஆடியோ எடிட்டிங் செய்கிறேன். ஏன் பத்து நிமிஷம் கேட்கிறார்கள் என்று சொல்கிறேன். யூடியூப்பில் 8 நிமிஷத்துக்கு மேல் இருந்தால்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும். 2020 ஜூலைக்கு முன்னால் அது 10 நிமிஷம். பல சேனல்காரர்களுக்கு அந்தப் பழைய கணக்கே மனசில் நின்றுவிட்டது. உங்கள் கதை ஆறு நிமிஷக் கதை என்றால் மீதி நாலு நிமிஷம் காற்றுச் சத்தம், நாய் ஊளை, "அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள்" என்று மூன்று தடவை. அந்த நாயை நான்தான் போடுகிறேன். ஒரே நாய், எல்லாச் சேனலிலும்.

"உண்மைச் சம்பவம்" என்று தலைப்பில் இருந்தால் நிறையப் பேர் தொடுகிறார்கள், அது நிஜம். கீழே டிஸ்கிரிப்ஷனில் சின்னதாக "கற்பனையே" என்று போட்டுவிடுவார்கள். யாரும் அதை விரித்துப் படிப்பதில்லை. ஆனால் ஊர் பெயர் சேர்ப்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கதையில் ஒரு பாலத்தின் பெயரைச் சொன்னார்கள். பிறகு பையன்கள் ராத்திரியில் பைக்கில் போய் அந்தப் பாலத்தில் லைவ் போட ஆரம்பித்தார்கள். உங்கள் ஊரில் ஃபிளெக்ஸ் கடை எத்தனை இருக்கும்? இரண்டு? மூன்று? அடுத்த வாரமே கேமராவோடு வந்து நிற்பார்கள்.

திருடி வாசித்த சேனல் விஷயத்துக்கு: வீடியோவின் கீழே புகார் கொடுக்கிற இடத்தில் காப்பிரைட் புகார் என்று தனியாக இருக்கிறது. நீங்கள் முதலில் செயலியில் போட்ட தேதியும் லிங்கும் போதும். வீடியோ இறங்கினால் அவர்களுக்கு ஒரு ஸ்ட்ரைக், அதாவது சேனல்மேல் ஒரு கறுப்புப் புள்ளி. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகலாம், அதனால் பயப்படுவார்கள். ஆனால் புகாரில் உங்கள் நிஜப் பெயர் கேட்கும், அது எதிர்த்தரப்புக்கும் தெரியவரலாம். புனைபெயரில் எழுதுகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

இன்னொன்று. காதுக்கு எழுதுவது வேறு வேலை. உங்கள் கதையில் பயம் கண்ணில் இருக்கிறது, நூல் கலர் வேறு என்பதைப் பார்க்க வேண்டும். ஆடியோவில் அந்த அம்மாள் பேச்சுதான் நிற்கும். அவள் கடைக்குள் வந்ததும் மெஷின் சத்தம் நின்றுவிட்டது என்று ஒரு வரி வைத்தால் எனக்கு நாயே தேவைப்படாது.

---

சும்மாபடிப்பவள்

நான் எழுத்தாளர் இல்லை. துணி மடிக்கும்போது கேட்கிற கூட்டம். எனக்குக் கதவு தட்டுவதுதான் பிடிக்கும். பூனை வந்தாலும் பரவாயில்லை. எல்லாரும் சேர்ந்து அதை மட்டம் தட்டாதீர்கள். அக்கா, தொடரைத் தயவுசெய்து நிறுத்த வேண்டாம். எந்தத் தொடர் என்று தெரியாது, ஆனாலும் நிறுத்த வேண்டாம்.

---

ஆலங்காடு

வெள்ளைச்சட்டை ஏன் வேலை செய்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். வழக்கமான மல்லிகைப்பூ, கொலுசு, வெள்ளைப்புடவை எதுவும் அதில் இல்லை, பட்டன் இருக்கிறது. இது ஒன்றும் புதுசு இல்லை, நம்மிடம் பழசு. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஒரு பெண்பேயைக் காட்டுகிறார். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழி விழுந்த வயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட இரண்டு பல். இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாரும் சொல்கிற பேய். அம்மையார் கணுக்கால் வரைக்கும் இறங்குகிறார். பரடு, அதாவது கணுக்கால் முட்டு, உயர்ந்திருக்கிறது, கணைக்கால் நீளமாக இருக்கிறது என்கிறார். பேயின் கணுக்காலைப் பார்த்தவர் நிஜமாகவே அதைப் பார்த்திருக்கிறார் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. "உண்மைச் சம்பவம்" என்று தலைப்பில் போட வேண்டிய தேவை அந்தப் பாட்டுக்கு வரவில்லை.

அதனால் தொடரைப் பற்றி என் கருத்து: தினம் ஒரு திடுக்கிடல் வேண்டும் என்றால் கதவுதான் தட்டப்படும், வேறு வழியில்லை. தினம் ஒரு கணுக்காலைக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது.

---

அஞ்சலிபோர்டு

எல்லாருக்கும் நன்றி. நேற்று முழுக்கக் கொடை பேனர், இப்போதுதான் உட்கார முடிந்தது.

ஊர் பெயர் விஷயத்தில் ஒலிக்காரன் அண்ணன் சொன்னது மட்டும் காரணம் இல்லை, என் காரணம் வேறு. அந்தச் சட்டைக்கு மேலே இருக்கிற தலைகள் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். டீக்கடைக்காரர், என் பள்ளிக்கூட வாத்தியார், சின்ன வயசில் போன ஒரு பையன். அவர்கள் வீட்டில் அந்தப் போஸ்டரைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கும் அதே படத்தைத்தான் கொண்டுவருவார்கள். "இது எங்க அப்பா உடம்பு இல்லியா?" என்று யாராவது வந்து கேட்டால் நான் என்ன சொல்ல? அவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. அப்பா வாழ்நாளில் அப்படி ஒரு இஸ்திரி போட்ட சட்டை போட்டதில்லை என்று தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல வைத்திருக்கிறார்கள். அதை ஒரு சேனல் உடைக்கக் கூடாது.

எனக்கு நானே ஒரு கோடு போட்டிருக்கிறேன். கடையில் நடக்கிற வேலையைக் கதைக்கு எடுப்பேன்: ஃபைல், சட்டை, மெஷின், இங்க் வாடை, "தோற்றம்", "மறைவு" என்று தேதி போடுவது. கடைக்கு வருகிறவர்களின் துக்கத்தை எடுக்க மாட்டேன். ஒரு தடவை ஒரு மகன் வந்து, இறந்த பிறகு எடுத்த படத்தைக் கொடுத்து, கண்ணை மட்டும் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டார். வேறு படமே இல்லையாம். செய்துகொடுத்தேன். பேய்க்கதைக்காரிக்கு இதைவிடப் பெரிய சரக்கு கிடைக்காது என்று உங்களுக்கே தோன்றும். எழுத மாட்டேன். இங்கே சொன்னதே அதிகம்.

தொடர் விஷயம்: ஆலங்காடு ஐயா சொன்ன கணுக்கால் மண்டையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் சும்மாபடிப்பவள் மாதிரி ஆட்கள் செயலியில் காசு கொடுத்து எனக்குப் போடும் ஸ்டிக்கரில் வரும் காசில்தான் போன் ரீசார்ஜ் ஆகிறது. அதனால் தொடரை நிறுத்தவில்லை, தினத்தை விட்டுவிட்டு வாரம் இரண்டு பாகம் என்று மாற்றுகிறேன். மேலே காட்டாவிட்டால் காட்டாமல் போகட்டும். கிடைக்கிற நேரத்தில் சின்னக் கதைகள். எட்டு பத்து சேர்ந்ததும் கிண்டிலில் போடலாமா என்று ஒரு யோசனை. யாருக்காவது அனுபவம் உண்டா?

சேனலுக்கு ஆறுஃபாரம் சார் சொன்னபடியே எழுதி அனுப்பிவிட்டேன், பிரிவு 57 உட்பட.

---

ஆறுஃபாரம்

கிண்டிலில் நாமே மின்னூல் போடுகிற அமேசான் தளத்துக்குப் பெயர் கேடிபி. அதில் போடும்போது கேடிபி செலக்ட் என்று ஒரு பெட்டியை டிக் செய்யச் சொல்லும். செய்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாக்காரர்கள் படிக்கிற பக்கத்துக்குத் தக்கபடி காசு வரும். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டும் என்றாலும் அதில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் 35தான். பதிலுக்கு அவர்கள் கேட்பது, 90 நாளைக்கு அந்த மின்னூலில் உள்ளது வேறு எங்கும் டிஜிட்டலாக இருக்கக் கூடாது. அதாவது செயலியில் இருக்கிற வெள்ளைச்சட்டையை இறக்க வேண்டும். 90 நாள் முடிந்ததும் தானாகவே நீளும் என்பதால் வேண்டாம் என்றால் ஞாபகமாக நிறுத்தவும் வேண்டும். பெரிய காசை எதிர்பார்க்காதீர்கள். என் பழைய நாவல்களைப் பேரன் ஏற்றிவிட்டான், மாதம் ஒரு டீச் செலவுக்கு வருகிறது, சில மாதம் வடையும் சேரும்.

---

அஞ்சலிபோர்டு

சேனலிலிருந்து பதில் வந்துவிட்டது. என் புனைபெயர் ஆரம்பத்திலேயே சொல்வார்கள். இரண்டு வருஷம், ஆடியோ மட்டும், 1,000 ரூபாய். ஊர் பெயர் கிடையாது. "உண்மைச் சம்பவம்" என்று தலைப்பில் போட மாட்டார்களாம், ஆனால் தம்ப்நெயிலில் "இது நடந்ததா?" என்று கேள்விக்குறியோடு போடுவார்களாம். கேள்விக்குறி இருந்தால் பொய் இல்லையாம்!

அந்தக் கேள்விக்குறியோடு வெள்ளைச்சட்டையைத் தர மனசு வரவில்லை. வேறு கதை ஒன்று இருக்கிறது, ராத்திரி பேனர் கட்டப் போகிற பையன்களைப் பற்றியது, யாருடைய வீட்டுச் சாவும் அதில் இல்லை. அதை அதே நிபந்தனையில் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாயைக் குறைவாகப் போடச் சொல்லியும் கேட்டிருக்கிறேன்.

---

ஒலிக்காரன்

எந்தச் சேனல் என்று தெரிந்துவிட்டது. நாய் என்னிடம்தான் வரும், பார்த்துக்கொள்கிறேன்.

---

ஆறுஃபாரம்

ஒப்பந்தம் வந்ததும் பெயர்களை மறைத்து இங்கே போடுங்கள் தங்கச்சி, ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன். பணம் எந்தத் தேதிக்குள் தருவார்கள் என்ற வரி அதில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் தேடிப் பாருங்கள்.